குடையை எடுக்கும்போது

ஜூலை 10, திங்கள்

கலா சொன்னாள் என்பதற்காக எழுதுகிறேன். "யம்மா, தினமும் போன்ல ஒரே பொலம்பல். ஒரு டைரியில எழுதிப் போடேன், உனக்கும் பாரம் கொறையும்" என்றாள். அவளுக்குத்தான் பாரம் குறையும். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு தூத்துக்குடிக்கு யோசனை சொல்வதில் மகளுக்கு என்ன கஷ்டம். ஆனாலும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த டைரி வெறுமனே கிடக்கிறது. பாதி வருஷம் போய்விட்டது, மீதிப் பாதிக்கு ஆகும்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. இட்லிக்குச் சட்னி போதுமா, சாம்பாரும் வேணுமா என்று கேட்டேன். பதில் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தால் தட்டோடு சாய்ந்து கிடக்கிறார். மூளையில் இடது பக்கம் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். கால் ஓரளவு திரும்பிவிட்டது. ஆள் தாங்கிக்கொண்டால் நாலு எட்டு வைக்கிறார். வலது கை மட்டும் நனைந்த துண்டு மாதிரித் தொங்குகிறது. பேச்சில் ஒரே ஒரு சொல் தப்பிப் பிழைத்திருக்கிறது: 'சரி'. கல்யாணமான நாளிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அதைத்தான் சொல்லி வந்தார். அதனால் எங்கள் வீட்டில் பேச்சு பெரிதாகக் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

கையில் அசைவு வந்தால் முதல் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும், அதற்குப் பிறகு கஷ்டம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை அது. இப்போது அது பாட்டுக்கு மடியில் கிடக்கிறது. விடப்போவதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்தவள் நான். கிடைக்கவே கிடைக்காது என்ற லைனையெல்லாம் கிடைக்க வைத்திருக்கிறேன்.

ஜூலை 12, புதன்

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபி பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறோம். பெயர் ஃபர்ஹானா. காயல்பட்டினம். திங்கள், புதன், வெள்ளி வருவாள். ஆள் ஒல்லிக்குச்சி, ஆனால் அவரை அலாக்காகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். எனக்கே அதிசயமாக இருந்தது.

டிபன் டப்பா அளவு ஒரு பெட்டி கொண்டு வந்தாள். அதிலிருந்து வயர்கள். அவற்றின் நுனியை அவருடைய முழங்கைக்குக் கீழே வட்ட வட்டமான ஒட்டுகளால் ஒட்டினாள். கை வெளியே அசைய வேண்டுமென்பதில்லையாம். உள்ளே தசை லேசாக முயற்சி செய்தாலே பெட்டி 'பீப்' என்று கூப்பிடுமாம்.

"அப்பா, கைய மேல தூக்கப் பாருங்க" என்றாள்.

"தூக்குங்க அத்தான், தூக்குங்க. முடியும். நெனச்சா முடியும்" என்று நானும் சொன்னேன்.

"சரி" என்றார். பெட்டி பேசவில்லை.

ஜூலை 14, வெள்ளி

எழுந்ததும் விரல் மடக்கல். குளித்த பிறகு மணிக்கட்டு. சாப்பாட்டுக்கு முன்னால் தோள். நான்தான் பிடித்துச் செய்து விடுகிறேன். ஃபர்ஹானா சொன்னதைவிடக் கூடவே செய்கிறேன். எண்ணிக்கொண்டே செய்தால் அவருக்கும் உற்சாகமாக இருக்கும் என்று சத்தமாக எண்ணுகிறேன். பாதியில் கண்ணை மூடிக்கொள்கிறார். களைப்பு, பாவம்.

சாயந்தரம் அவரோடு வேலை பார்த்த செல்லத்துரை பார்க்க வந்தார். "எப்பிடி இருக்கிய அண்ணாச்சி?" என்று அவரிடம் கேட்டார். "தேவலைன்னு சொல்லுதாவ. ராத்திரி நல்லாத் தூங்குதாவ. பசிதான் இல்ல" என்று நான் சொன்னேன். செல்லத்துரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினேன். இந்த மாதிரி நேரத்தில் மூளைக்கு ஓய்வு வேண்டும்.

உதவிக்கு வரும் ரெஜினா நல்லவள்தான், ஆனால் தானாக ஒன்றும் செய்ய மாட்டாள். நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், அவர் ஹாலில் தனியாக இருப்பார். "பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்த பேசக் கூடாதாட்டி?" என்று சத்தம் போட்டேன். "பேசுதேங்க்கா" என்றாள். பேச மாட்டாள்.

ஜூலை 17, திங்கள்

இன்றைக்கும் பெட்டி வாயைத் திறக்கவில்லை. ஃபர்ஹானாவை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்து, உள்ளதைச் சொல் என்றேன். அவள் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"கைய அசைக்குறதுக்குன்னு மூளையில ஒரு எடம் இருக்குதும்மா. அது உத்தரவு வந்தா மட்டும் வேல செய்யுற எடம்னு நெனச்சிருந்தாங்க. அப்பிடி இல்ல. நமக்குப் பிடிச்சது ஒண்ணு வரப்போகுதுன்னு தெரிஞ்சா அந்த எடம் முன்னாடியே சுறுசுறுப்பாயிரும். கெடச்ச பெறகு இல்லம்மா. கெடைக்கப் போகுதுங்கிறப்பவே."

புரிந்தது. பஸ் வளைவில் திரும்பும்போதே பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறோம் இல்லையா, அது போல.

"தூக்குங்க தூக்குங்கன்னு சொல்லுதோம். தூக்குனா அப்பாவுக்கு என்ன கெடைக்கும்? ஒண்ணுமில்ல. அவங்களுக்கு எதுல ஆசைன்னு கண்டுபிடிச்சிட்டோம்னா, அத முன்னால வச்சே பயிற்சி குடுக்கலாம். ஒங்களுக்குத் தெரியாதாம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். அவருக்கே தெரியாது. சட்டை நிறம்கூட நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

ஜூலை 19, புதன்

சீலா மீன் குழம்பு. மணம் தெருவரைக்கும் போனது. கிண்ணத்தை அவர் முகத்துக்கு எதிரே வைத்துக்கொண்டு, "கைய லேசாத் தூக்குங்க, தாரேன்" என்றேன். பெட்டி பேசவில்லை. ஊட்டிவிட்டேன். சாப்பிட்டார்.

ஜூலை 21, வெள்ளி

மக்ரூன். கடையில் அப்போதுதான் போட்டது. பேசவில்லை.

பேரனை வீடியோவில் வரவழைத்தேன். "தாத்தா, கை காட்டுங்க" என்றான். அவர் சிரித்தார், இடது கையைக் காட்டினார். பெட்டி பேசவில்லை. கலா அழுதாள். நான் போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 24, திங்கள்

என்னவென்று எழுதுவேன்.

ஃபர்ஹானா பெட்டியை மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள். காப்பி வைத்துப் பார்த்தோம், கல்யாண ஆல்பம் வைத்துப் பார்த்தோம், ஒன்றுக்கும் பெட்டி அசைந்து கொடுக்கவில்லை. எனக்கு எரிச்சல். ரத்தக்கொதிப்பு மாத்திரை வேறு தீர்ந்துவிட்டது. சரி, அதையாவது வாங்கி வருவோம் என்று எழுந்து, கதவுப் பக்கத்து ஆணியிலிருந்து குடையை எடுத்தேன். இந்த ஊர் வெயிலுக்கு நான் குடையில்லாமல் வாசல் தாண்டுவதில்லை.

"அத்தான், மருந்துக் கட வரைக்கும் போயிட்டு வாரேன்."

பீப்.

நான் நின்ற இடத்தில் நின்றேன். ஃபர்ஹானா வாயைப் பொத்திக்கொண்டாள். "ம்மா, குடைய மாட்டிட்டு வந்து உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். சத்தம் இல்லை. "இப்ப எடுங்க." எடுத்தேன். ஆணியிலிருந்து குடை கழன்றதுமே பீப், பீப், பீப். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆணியில் குடை உரசுகிற அந்தச் சின்னச் சத்தம் போதுமாக இருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் போகக் கூடாது என்று தடுக்கப் பார்க்கிறார். வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லப் பார்க்கிறார். பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டேன்.

"போவாண்டாங்கிறியளா அத்தான்?"

கண்ணை மூடிக்கொண்டு "சரி" என்றார்.

அழுதுவிட்டேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு ஆசை வார்த்தை சொல்லியிருப்பாரா இந்த மனுஷன். ஃபர்ஹானா தலையைக் குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் மனசு இளகிவிட்டது போல.

மருந்துக்கு ரெஜினாவை அனுப்பினேன்.

ஜூலை 25, செவ்வாய்

கலாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "யம்மா, அப்பாவா?" என்று கேட்டாள். அதற்கு என்ன அர்த்தம்.

இனிமேல் வெளி வேலை எல்லாம் ரெஜினா. அவர் பக்கத்தை விட்டு நான் நகரப்போவதில்லை. கோயிலுக்குக்கூட இல்லை. முருகனுக்கு நிலைமை தெரியும்.

ஜூலை 28, வெள்ளி

பெட்டி மறுபடி ஊமையாகிவிட்டது. நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். எண்ணுகிறேன். கண்ணை மூடிக்கொள்கிறார். ராத்திரிச் சாப்பாட்டையும் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஃபர்ஹானா, "ம்மா, நீங்க தெனமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வாங்க. ஒங்களுக்கும் நல்லது, அப்பாவுக்கும் நல்லது" என்றாள். அவருக்கு என்ன நல்லது என்று கேட்டேன். "தசைக்கு வேல கெடைக்கும்" என்றாள். கட்டின புருஷன் போகாதே என்று தவிக்கிறார், அந்தத் தவிப்பில் அவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். என்ன கல்நெஞ்சம். படித்த பெண்கள் எல்லாமே இப்படித்தான் ஆகிவிட்டார்கள். நன்றாகவே கேட்டுவிட்டேன். முகம் சுண்டிப்போய்ப் புறப்பட்டாள்.

ஆகஸ்ட் 2, புதன்

ஃபர்ஹானாவுக்குப் பதிலாக வேறு யாராவது கிடைப்பார்களா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, சனி

பனிமய மாதா திருவிழா. ரெஜினாவுக்கு லீவு. ஊரே மாதா கோவில் பக்கம் போய்விட்டது. நானும் அவரும் மட்டும்.

ஒரு நிமிஷம் அவரைத் தனியாக விடவில்லை. பேப்பரை முழுக்க வாசித்துக் காட்டினேன். பழைய கதை எல்லாம் சொன்னேன். மத்தியானம் அவர் கை கட்டை போல இறுகிவிட்டது, விரல் உள்ளங்கைக்குள் மடங்கி எடுக்கவே வரவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டர் சொன்ன கெடுவில் பாதி போய்விட்டது. நான் செய்யாத காரியம் இன்னும் என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 8, செவ்வாய்

பல் டாக்டரிடம் போகவில்லை. எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். யாரிடம் சொல்ல.

நேற்றுக் கடைவாய்ப்பல் வலி உயிர் போனது. கன்னம் வீங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பல் டாக்டரிடம் போகலாம் என்று புறப்பட்டேன். குடையை எடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் போக மனசு வராது என்று. தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திய பிறகுதான் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டது தெரிந்தது. திரும்பி வந்தேன். கேட் ஒழுங்காகச் சாத்தியிருக்கவில்லை, அதனால் சத்தம் இல்லை. ஹால் ஜன்னலைத் தாண்டும்போது உள்ளே பார்த்தேன்.

ரெஜினா அடுப்படியில். அவர் நாற்காலியில் தனியாக. டிவி இல்லை, ரேடியோ இல்லை. எதிரே வெறும் சுவர். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. உதட்டுக்குள் ஏதோ முனகல், ராகம் மாதிரி. வலது கை நாற்காலிக் கையின் மேல் இருந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்திருப்பது போல் லேசாக முன்னால் போயின, பின்னால் வந்தன. முன்னால், பின்னால்.

கை அசைந்துகொண்டிருந்தது. பெட்டி தேவையில்லை. என் கண்ணால் பார்த்தேன்.

எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. "அத்தான்" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பினார். ஜன்னலில் என்னைக் கண்டார்.

விரல்கள் நின்றுவிட்டன. கையில் இருந்த உயிர் வடிந்து போவதை நான் பார்த்தேன். அப்புறம் முகம். விருந்தாளி வந்துவிட்டால் அவசரமாகச் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வார்களே, அப்படி ஒரு முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி" என்றார். நான் எதுவுமே கேட்கவில்லை.

பல் வலி எங்கே போனது என்று தெரியவில்லை.

இன்று ஃபர்ஹானாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

ரெஜினாவைப் பிடித்துக் கேட்டேன். நான் இல்லாதபோது இந்த வீட்டில் என்ன நடக்கிறது, அவருக்கு என்ன கொடுக்கிறாய், யார் வருகிறார்கள், மறைக்காமல் சொல்லிவிடு என்றேன். மனசுக்குள் என்னென்னவோ ஓடியது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ஏதாவது தப்பு நடந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ரெஜினா பயந்துவிட்டாள். "மாதா சத்தியமா ஒண்ணும் இல்லக்கா. நீங்க போனதும் நான் அடுப்படிக்குப் போயிருவேன். அவ்வளவுதான்."

"அவியள தனியா விட்டுட்டா?"

"ஆமாக்கா. ஆரம்பத்துல பக்கத்துல உக்காந்து பேசத்தான் செஞ்சேன். அண்ணாச்சி இடது கையால, போ போன்னு அடுப்படியப் பாத்துக் காட்டுனாவ. சரி, அவியளுக்குச் சும்மா இருக்கணும் போலன்னு விட்டுட்டேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதாங்க்கா. எல்லாருக்கும் அது வேணும்லா."

சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் நான் செய்ததையும் எழுதுகிறேன். அவர் எதிரே போய் நின்று குடையை ஆணியிலிருந்து எடுத்தேன். அவர் விரல் துடித்தது. மாட்டினேன். அடங்கியது. எடுத்தேன். துடித்தது. மாட்டினேன். மறுபடியும் எடுத்தேன். எதற்குச் செய்கிறேன் என்று தெரியாமல் செய்தேன். கடைசியில் அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இடது கையால் துடைத்துக்கொள்ளலாம், அவர் துடைக்கவில்லை. நானும் துடைத்துவிடவில்லை. குடையைத் தரையில் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

சீலா மீன் இல்லை. மக்ரூன் இல்லை. பேரன் இல்லை. நான் போவது.

ஆகஸ்ட் 12, சனி

இரண்டு நாளாக அவரிடம் பேசவில்லை. செய்ய வேண்டியதைச் செய்கிறேன். எண்ணுவதில்லை. வீடு விசித்திரமாக இருக்கிறது.

இன்று துணி மடிக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. கலா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஓர் ஆயுத பூஜைக்கு எங்களைத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனார். அன்றைக்குக் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். கிரேனை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துவிட்டது. அவ்வளவு உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் ஒரே ஒரு நாற்காலி. கை வைக்கிற இடத்தில் குட்டையாக ஒரு லீவர். ஷிஃப்ட் முடியும்வரை ஒற்றை ஆள் அதில்தான் இருக்க வேண்டுமாம். "தனியா எப்பிடி இருக்கிய அத்தான், பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லாம" என்று கேட்டேன். அவர் சிரித்தார். பாவம் என்று நினைத்து அன்றைக்கு ராத்திரி அவருக்கு அல்வா கிண்டினேன்.

ரிடையர் ஆன அன்று மாலை போட்டுக் கேக் வெட்டினார்கள். "இனிமே தனியா கஷ்டப்படாண்டாம், எந்நேரமும் நான் பக்கத்துல இருப்பேன்" என்று எல்லோர் முன்னாலும் நான்தான் சொன்னேன். கை தட்டினார்கள். அவரும் தட்டினார்.

முன்னால், பின்னால் என்று அந்த விரல்கள் எதைப் பிடித்திருந்தன என்று இப்போது தெரிகிறது.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஃபர்ஹானா வந்தாள். வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். "ஒனக்கு அன்னைக்கே தெரியும்லா?"

அவள் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். "எனக்கு எப்பிடிச் சொல்லன்னு தெரியலம்மா" என்றாள்.

"அவிய என்னைய வெறுக்காவளா?"

"அப்பிடி இல்லம்மா. மூளைக்கு எது வேணும்னு மட்டுந்தான் பெட்டி காட்டும். பாசத்த எல்லாம் அளக்காது. ஒங்க மேல பாசமும் இருக்கும், தனியா இருக்கணும்னும் இருக்கும்." பையைத் தோள் மாற்றிக்கொண்டு சொன்னாள். "எங்க உம்மாக்கும் எங்க வாப்பாவுக்கும்கூட அப்பிடித்தான்."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று தெரிந்தது. ஆனாலும் உள்ளே வரச் சொன்னேன். "சரி, சொல்லு. நான் எந்நேரம் போவணும், எம்புட்டு நேரம் வெளிய இருக்கணும்?"

ஆகஸ்ட் 17, வியாழன்

சாயந்தரமானால் குடையை எடுக்கிறேன். எடுத்த உடனே போய்விடக் கூடாது என்று ஃபர்ஹானா சொல்லியிருக்கிறாள். அந்த ஆசை உள்ளே எழும்பி நிற்கிற நேரம்தான் கைக்கு வேலை நடக்கிற நேரமாம். அதனால் குடையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். ரெஜினா அவர் கைக்கு முன்னால் ஒரு பந்தை வைக்கிறாள். அவர் விரல் அதைத் தொட்டதும் நான் படி இறங்குகிறேன். அவர் தொடுவதற்கும் நான் போவதற்கும் முடிச்சுப் போட்டாகிவிட்டது.

முதல் நாள் படி இறங்கும்போது துரத்துகிறார்கள் என்று தோன்றியது. ரோச் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சுண்டல் விற்றவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஆகஸ்ட் 23, புதன்

இன்று பந்தைத் தள்ளினார். ஃபர்ஹானா என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

பூங்காவில் எனக்குப் பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். சொந்த ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று ஆரம்பித்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து கடலைப் பார்த்த வேறொரு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். நல்ல பெண்மணிதான். ஏன் எழுந்தேனோ.

வீட்டுக்கு வரத் தாமதமாகிவிட்டது. ரெஜினா பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள்.

செப்டம்பர் 4, திங்கள்

பெட்டி இனி வேண்டாம் என்று ஃபர்ஹானா எடுத்துப் போய்விட்டாள். பந்தைப் பிடிக்கிறார். டம்ளரை ஒரு பக்கம் அணைக்கிறார், பாதி சிந்துகிறது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "இவ்வளவு வரும்னு நான் நெனைக்கல. என்ன செஞ்சீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"பயிற்சிதான்" என்றேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

கலாவிடமும் அதையேதான் சொன்னேன். பயிற்சி, கொஞ்சம் மீன் குழம்பு.

செப்டம்பர் 13, புதன்

ரேடியோவை நானே போட்டேன். போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். நான் போனதும் பாட்டோடு சேர்ந்து முனகினார். கேட்டும் கேட்காத மாதிரி அரிசி களைந்தேன். செல்லத்துரை வந்து "எப்பிடி இருக்கிய?" என்று கேட்டபோது நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்து அவரே "சரி" என்றார். அது ஒரு பதில் மாதிரியே இருந்தது.

செப்டம்பர் 20, புதன்

இன்று காலையிலிருந்து பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது, தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று ஒரே அலைச்சல். சாயந்தரம் அசதியில் சோபாவில் சாய்ந்தவள் கண் அசந்துவிட்டேன். வெளியே போகிற நேரம் தாண்டிவிட்டது. ரெஜினாவும் எழுப்பவில்லை.

ஏதோ உரசுகிற சத்தம் கேட்டு விழித்தேன். அவர் நாற்காலியில் இல்லை. இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் நிற்கிறார். யாரும் தாங்கவில்லை. ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று எழுந்தேன். ரெஜினா அடுப்படி வாசலில் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

வலது கை மேலே போனது. நடுங்கிக்கொண்டே போனது. தோளைத் தாண்டியது. ஆணியில் வழுக்கி, மறுபடி போனது. விரல்கள் குடையின் வளைந்த பிடியை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பிடித்தன. கழற்றினார். ஆணியில் அந்தச் சின்னச் சத்தம்.

மெதுவாகத் திரும்பி, இரண்டு எட்டு வைத்து, என் பக்கம் நீட்டினார்.

மூன்று மாதமாக நான் எந்தக் கைக்காக எல்லாத் தெய்வத்தையும் வேண்டினேனோ அந்தக் கை என் முன்னால் நீண்டிருந்தது. அதில் என் குடை இருந்தது. அன்றைக்கு அவசரமாக மாட்டிக்கொண்ட அந்த முகம் இல்லை. வெட்கமும் ஆசையும் அப்பட்டமாகத் தெரிகிற முகம். கல்யாணமான புதிதில்கூட அவர் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

என் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான். வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

"போயிட்டு வாரேன் அத்தான்" என்றேன்.

"சரி" என்றார்.

குடையை வாங்கிக்கொண்டேன். அவர் விரல்கள் பிடியை விட ஒரு நிமிஷம் ஆனது. பிடிக்கத்தான் வந்திருக்கிறது, விடுவது இன்னும் பழகவில்லை. வெளியே வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பூங்காவரைக்கும் விரித்துப் பிடித்துக்கொண்டே போனேன்.